பழைய புல்லட்: ஆயில் எங்கே போகிறது?

சார், பிஸ்டன் ரிங் போச்சு என்று மெக்கானிக் சொன்னதற்காக எஞ்சினைப் பிரிக்காதீர்கள். இரண்டு வாரம் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) காய்ந்திருக்கிறது, ஆயில் ஊற்றி உதைத்தால் பிரீதர் குழாய் (எஞ்சின் உள்காற்றை வெளியேற்றும் குழாய்) ஆயிலைக் கக்குகிறது, நீலப்புகை சற்று நேரத்தில் அடங்குகிறது என்கிறீர்கள். ரிங் போயிருந்தால் புகை அடங்காது.

உங்கள் காஸ்ட் அயர்ன் எஞ்சினில் ஆயில் டேங்க், கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸோடு சேர்ந்த தனி அறை. ஃபீட் பம்ப் அங்கிருந்து பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) ஆயிலைத் தள்ளும். கீழே வடிவதை ரிட்டர்ன் பம்ப் டேங்குக்குத் திருப்பி அனுப்பும். வண்டி நிற்கையில் பம்ப்பின் வழிகளை மூடித் திறக்கும் தட்டையான டிஸ்க் தேய்ந்திருந்தால், அதன் வழியே ஆயில் கிராங்க் பக்கம் கசிந்துவிடும். அதன்மேல் நீங்களும் ஊற்றினால் கக்காமல் என்ன செய்யும்?

ஆயில் அளவை வண்டி ஓட்டி வந்த சூட்டில் பாருங்கள். அப்புறம் டிஸ்க்கைக் கண்ணாடிமேல் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, முகம் முழுக்க ஒரே மங்கலாக வரும்வரை தேய்த்து, சுத்தமாகக் கழுவி மாட்டுங்கள். சென்னை உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் புது பம்ப் வாங்கினாலும் இந்த வேலை உண்டு.