டென்ஷன் இருந்தால் ஜிம்மில் தூக்கும் எடை ஏறாதா?

கேள்வி: ஆறு மாதமாக வேலையிலும் வீட்டிலும் ஒரே டென்ஷன். ஜிம்முக்கு ஒழுங்காகப் போகிறேன், சாப்பாட்டிலும் குறையில்லை. ஆனால் தூக்கும் எடை மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டுங்க. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எங்கள் ஊரில் யாருக்குத் தூக்கம் வந்தது? தைத்து முடித்த சரக்கு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, சரக்கை வாங்கும் பையர் விலையைக் குறை என்கிறார், துணி கொடுத்தவர் பணத்துக்கு வந்து நிற்கிறார். அதே சமயத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலெல்லாம் கம்பெனி, ராத்திரி அவிநாசி ரோட்டில் பஸ், ஆஸ்பத்திரி வராண்டாவில் நாலு மணி நேரத் தூக்கம்.

இத்தனைக்கும் நடுவில் ஜிம்மை மட்டும் விடவில்லை. அதில் ஒரு வீம்பு. ஜூலையில் 110 கிலோவைத் தோளில் வைத்து ஐந்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) போட்டவன், செப்டம்பரில் 95 கிலோவுக்கே மூன்றாவதில் திணறினேன். உழைப்பு பத்தவில்லை என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, வாரம் நாலு நாளை ஐந்தாக்கினேன். போகும் வழியில் பேக்கரியில் இரண்டு ஸ்ட்ராங் காபி வேறு. மூன்றாவது வாரம், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டில் வெறும் 80 கிலோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

அப்பா அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தார். காங்கயம் பக்கம் எங்கள் தோட்டம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஊத்து ஊறாம மோட்டாரப் போட்டா என்னத்த எடுக்கும்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கிணற்றில் ஐப்பசியில் இரண்டு மணி நேரம் இறைத்தால் மறுநாள் காலையில் பழைய மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். சித்திரையில் அதே இறைப்புக்கு இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் போட்டால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். எடை தூக்குவது இறைப்பு. பலம் கூடுவதெல்லாம் அதற்கப்புறம் ஊறும்போதுதான். டென்ஷன் காலம் உடம்புக்குச் சித்திரை.

அப்புறம் தேடிப் படித்தால், ஆராய்ச்சிக்காரர்களும் இதையேதான் அளந்து வைத்திருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 12 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். வாழ்க்கையில் நெருக்கடி குறைவாக இருந்தவர்களுக்கு பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது), ஸ்குவாட் இரண்டிலும் பலம் கூடுதலாக ஏறியது. 2014-ல் வந்த இன்னொன்றில், கடுமையான கால் பயிற்சிக்குப் பிறகு நான்கு நாள் கவனித்தார்கள். மனநெருக்கடியில் இருந்தவர்களுக்கு இழந்த பலம் மெதுவாகத்தான் திரும்பியது. தூக்கத்தைப் பற்றியும் உண்டு: ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்கு, தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. நான் தூங்கியது நாலு மணி நேரம்!

(டென்ஷனில் உடம்பில் கூடும் ஹார்மோனான கார்ட்டிசாலைக் குறைக்கும் மாத்திரை என்று போனில் விளம்பரம் வரும். காசைக் கரியாக்காதீர்கள். காலையில் உங்களை எழுப்பி நடமாட வைப்பதில் அந்தக் கார்ட்டிசாலுக்கும் பங்கு உண்டு.)

இடுப்பு சரியான பிறகு வாரம் இரண்டே நாள் போனேன். ஒரு பயிற்சிக்கு இரண்டு செட் (சுற்று), இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்கிறபோதே நிறுத்திவிடுவேன். ஆனால் எடையை ரொம்பக் குறைக்கவில்லை, அதுதான் முக்கியம். இவ்வளவு குறைத்தால் இருப்பதும் போய்விடாதா என்று பயந்தேன். போகாது. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், இளைஞர்கள் செட்டுகளை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் 32 வாரம் பலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். சாயங்காலக் காபியை நிறுத்தினேன். ராத்திரி பத்துக்கு மேல் பையர் அனுப்பும் மெசேஜை விடிந்துதான் பார்க்கிறேன். இதுவரை ஒரு ஆர்டரும் அதனால் போகவில்லை.

ஜிம்மை அடியோடு விட்டுவிடாதீர்கள். இடுப்பு பிடித்திருந்த நாட்களில் எனக்கு மனசு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அதே போல, நன்றாகத் தூங்கியும் அசதி விடவில்லை என்றால் டென்ஷன் மேல் பழியைப் போடாமல் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் ஆறு மாதம் என்பது கொஞ்சம் நீளம்தான்.

நான் இப்போது ஸ்குவாட்டில் 105 கிலோவில் நிற்கிறேன். நேற்று அது லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் ஒரு ஷிப்மெண்ட் இருக்கிறது, அது போகும்வரை 110 பக்கம் போவதாக இல்லை.