கேட்டை ஏன் வெளுக்கிறது? (கடிதம்)

வணக்கம்,

135 மிமீ லென்ஸ், மாற்றம் எதுவும் செய்யாத ஏபிஎஸ்-சி கேமரா (நடுத்தர அளவு சென்சார்), வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் ஒரு சிறிய டிராக்கர். இவற்றை வைத்துக் கேட்டை நட்சத்திரத்தையும் (அண்டாரஸ்) அதைச் சுற்றியுள்ள ரோ ஒஃபியூக்கை நெபுலாக்களையும் (வாயு, தூசு முகில்கள்) எடுக்கிறேன். நகர வெளிச்சத்துக்காக ஹைட்ரஜன்-ஆல்ஃபா, ஆக்சிஜன்-3 என்ற இரண்டு வாயு ஒளிகளை மட்டும் விடும் ஃபில்டர் போட்டேன். 2 நிமிடம் வீதம் 60 படங்கள். அவற்றை ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்தால் கேட்டை வெள்ளை உருண்டையாக நிற்கிறது, சுற்றிலும் ஒரு வளையம். மஞ்சள், நீல நெபுலாக்களைக் காணவே இல்லை. ஓரியன் நெபுலா இதே ஃபில்டரில் அருமையாக வந்ததே! கேமராவை மாற்ற வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமராவில் குறையில்லை. ஃபில்டரைக் கழற்றுங்கள்.

ஓரியன் நெபுலா தானே ஒளிரும் வாயு. அதன் ஒளியில் பெரும்பகுதி சில அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கிறது: ஹைட்ரஜனுக்கு 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனுக்கு 500.7. உங்கள் ஃபில்டர் திறந்துவைப்பது இந்த இரண்டு சன்னல்களைத்தான். கேட்டையின் பக்கத்தில் இருப்பதோ பெரும்பாலும் தூசு. பக்கத்து விண்மீனின் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. நீலமாக வருவது (ஐசி 4604) ரோ ஒஃபியூக்கை என்ற விண்மீனின் ஒளி. மஞ்சளாக வருவது (ஐசி 4606) கேட்டை தானே கழற்றிவிட்ட தூசின்மீது படும் கேட்டையின் ஒளி. இரண்டும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை பரவிக் கிடப்பவை. சன்னல் ஒன்றுக்கு 7 நானோமீட்டர் அகலம் என்று வைத்தால் 300-இல் 14தான் உள்ளே வருகிறது. இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வளையமும் பெரும்பாலும் ஃபில்டரின் வேலைதான். பிரகாசமான விண்மீனின் ஒளி கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே எதிரொளித்து அப்படி விழும்.

இதன் மறுபக்கம், ஃபில்டர் இல்லாமல் நகரத்தில் தூசு கிடைக்காது. இருண்ட இடம், நிலவில்லாத இரவு, விருச்சிகம் உச்சியில் இருக்கும் நேரம்: இதற்குக் குறுக்குவழி கிடையாது. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, 60 நொடி என்று தொடங்கி ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். முகடு இடமிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்க வேண்டும். வலப்பக்கம் போனால் நேரத்தைக் குறையுங்கள். மூன்று மணி நேரம், அதாவது 180 படங்கள் சேர்ந்தால் தூசு தெளியும். படங்களை நான்கு மடங்காக்கினால்தான் இரைச்சல் பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சில படங்களுக்கு ஒருமுறை சட்டகத்தைப் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஸ்டாக்கில் சாய்வான கோடுகள் ஓடும்.

இனி வெள்ளை உருண்டை. கேட்டையின் பிரகாச எண் (மேக்னிட்யூட்) ஏறத்தாழ 1, அதாவது வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களில் ஒன்று. எஃப் 2.8-இல் 60 நொடிக்கு அதன் நடுப்பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களும் நிரம்பி வழிந்துவிடும். மூன்றும் உச்சத்தில் நின்றால் வெள்ளை. போன நிறத்தை எந்த மென்பொருளும் மீட்காது. 60-ஐ 4 நொடியாகக் குறைத்தும் பயனில்லை, அப்போதும் நடு நிரம்பும். நல்ல வழி, ஃபோகஸைக் கலைப்பது. விண்மீன் முப்பது பிக்சல் அகல வட்டாக விரியும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, ஐஎஸ்ஓ 400-இல் 1 நொடி வீதம் இருபது படங்கள் எடுங்கள். ஒளி நூற்றுக்கணக்கான பிக்சல்களில் பகிரப்படுவதால் எதுவும் நிரம்பாது. 14 பிட் கேமராவில் உச்சம் 16,383. அதிகம் ஏறும் சேனல் அதில் பாதியில் நிற்கட்டும். இந்த வட்டை நிறத்துக்கு மட்டும் ஒரு லேயராக எடுத்து, கூர்மையான விண்மீன்மேல் ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: ஃபிளாட் படங்களை (லென்ஸ், சென்சார் குறைகளைக் கழிக்கச் சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) எடுத்து முடித்த பிறகே ஃபோகஸைத் தொட வேண்டும். தொட்ட பிறகு எடுத்த ஃபிளாட்டில் சென்சார்மேல் உள்ள தூசுப் புள்ளிகளும் ஓர இருட்டும் பொருந்தாது.

வரும் நிறம் ஆரஞ்சுதான். கேட்டை சிவப்பு மீப்பெரு விண்மீன் என்றாலும் அதன் மேற்பரப்பு வெப்பம் 3,600 கெல்வின் அளவில் இருக்கிறது. அது ரத்தச் சிவப்பாகத் தெரியாது. நிறச் செறிவை ஏற்றிச் சிவப்பாக்கினால் ஹைட்ரஜனின் சிவப்போடு கலந்து படமே குழம்பும். சிரில் மென்பொருளில் ஸ்ட்ரெட்ச் செய்யும் (மங்கலானதை வெளிச்சமாக்கும்) முன்பே விண்மீன் அட்டவணையை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ஆர்க்சைன்ஹ் (asinh) என்ற வகை ஸ்ட்ரெட்ச். அது நிறங்களின் விகிதத்தைக் காக்கும்.

பலரும் தூசைத் தொலைப்பது பின்னணி வான வெளிச்சத்தை நீக்கும்போதுதான். இந்தப் பகுதியில் படம் முழுக்கத் தூசு. மென்பொருள் தானே மாதிரிப் புள்ளிகளை வைத்தால் தூசையும் வான வெளிச்சம் என்று நினைத்துக் கழித்துவிடும். வெளிச்சத்தை ஒரே சீரான சாய்வாக மட்டும் கொள்ளும் படி-1 பல்லுறுப்புக்கோவையைத் தேர்ந்து, பத்துப் பதினைந்து புள்ளிகளை மூலைகளில் கையால் வையுங்கள். கேட்டையிலிருந்து கிழக்கே ஓடும் கருந்தூசுப் பட்டைகளில் வைக்கவே கூடாது. அவை வானத்தைவிட இருட்டானவை.

கேமராவை மாற்றுவது பற்றி: இங்கே ஹைட்ரஜன் சிவப்பு முக்கியமாக சிக்மா ஸ்கார்ப்பி என்ற விண்மீன் பக்கம்தான். சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுப்பதால் உங்கள் கேமராவில் மங்கலாகவே வரும். அது வேண்டுமென்றால் உங்கள் ஃபில்டரோடு ஒரு மணி நேரம் தனியாக எடுத்துச் சிவப்புச் சேனலில் மட்டும் சேருங்கள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இப்போதுள்ள கேமராவே போதும்.