பழைய ரைட்-ஆன் (உட்கார்ந்து ஓட்டும்) புல்வெட்டும் வண்டியின் ஸ்டியரிங் ஒரேயடியாக ஆடுகிறது. சரி செய்யலாமா, தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாமா?

தள்ளிவிடாதீர்கள். குறைந்தபட்சம் அடியில் படுத்து ஒரு தடவை பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் முன்சக்கரம் அசையவில்லை, கடைக்காரர் புது வண்டி வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொன்னதைப் படித்ததும்தான் எனக்குக் கை துறுதுறுத்தது. இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. ரைட்-ஆன் வைத்திருக்கிறீர்கள் என்றால் நிலம் கொஞ்சம் பெரியது. வண்டிக்குப் பத்துப் பதினைந்து வயது இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பீர்கள். எண்ணெய் மாற்றியிருப்பீர்கள், பிளேடு தீட்டியிருப்பீர்கள், ஸ்டியரிங் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள். இப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். லேத்தில் தொடங்கி மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஆனவன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோயில், அதை ஒட்டி ஒரு மைதானம். தைப்பூசக் காவடிக்குப் பந்தலும் சாப்பாடும் வண்டி நிறுத்தமும் அங்கேதான். புல் கிக்கூயு. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்த ஜாதி. இங்கே அக்டோபரில் மழை பிடித்தால் மார்ச் வரை வெட்ட வெட்ட வளரும். அதாவது காவடி வருவதே புல் உச்சத்தில் இருக்கும்போதுதான்.

அந்த மைதானத்துக்கு ஒரு பக்தர் கொடுத்துவிட்டுப்போன அமெரிக்க வண்டி ஒன்று இருக்கிறது. 17 குதிரைசக்தி, 42 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிக்கூடு). அதை ஓட்டுகிறவர் என் மனைவியின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு யாரும் அந்த சீட்டில் உட்கார அவருக்குப் பிடிக்காது. அந்த வருஷம் தை நெருங்கும்போது வண்டி நேராகவே போகவில்லை. ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் ஏதோ ஒரு மாதிரி முன்னால் போகும். வெட்டிய கோடுகள் எல்லாம் கோணல். வேப்பமரத்துத் திண்டில் ஒரு மூலை உடைந்தது.

கோயில் கமிட்டிக்காரர்கள் அதைப் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) ஏற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் வண்டியைக் கீழே கூட இறக்கவில்லை. தொட்டியில் இருந்தபடியே ஸ்டியரிங்கை ஒரு ஆட்டு ஆட்டினார். “செக்டர் போயிடுச்சு. இந்த மாடலுக்குச் சாமான் வராது. புதுசு பாருங்க” என்று சொல்லி, அப்படியே ஷோரூம் பக்கம் கையைக் காட்டினார். பெரிய மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அவன் குனியவே இல்லை, பார்த்தியா?” என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். இந்த வண்டிகளின் ஸ்டியரிங் ரொம்ப சாதாரணமான சமாச்சாரம். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம், பினியன். அது விசிறி வடிவத் தகடு ஒன்றின் பற்களில் ஓடும், அதுதான் செக்டர். செக்டரிலிருந்து ஒரு கம்பி ஒரு பக்கச் சக்கரத்தின் ஸ்பிண்டிலுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் அச்சுக்குப் போகும், அது டிராக் லிங்க். இந்தச் சக்கரத்தையும் மறுபக்கச் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டுவது டை ராட். சில மாடலில் கம்பிகள் வேறு மாதிரி ஓடும், ஆனால் தத்துவம் ஒன்றுதான். இதில் எத்தனை மூட்டு இருக்கிறதோ, அத்தனை இடத்திலும் தேய்மானம் வரும். பினியன் சின்னது, ஸ்டியரிங் வட்டம் பெரியது. பல்லுக்குப் பல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் கைப்பிடி விளிம்பில் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். நாலைந்து மூட்டிலும் தேய்மானம் இன்னும் கூடிச் சேர்ந்தால் உங்கள் கால் சுற்று வந்துவிடும். அதனால்தான் செக்டரை மட்டும் மாற்றினவர்கள், காசையும் போட்டு இன்னும் ஆடுகிறதே என்று புலம்புகிறார்கள்.

பார்க்கும் முறை இதுதான். சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பிளேடு பக்கம் கையை விடாதீர்கள். இப்போதைக்கு ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையில் பாரத்தோடு இருக்கட்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக நாலு விரல் அளவுக்கு மட்டும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா இருந்தால் அங்கே ஆட்டம். நான் மேலே உட்கார்ந்து ஆட்ட, பெரிய மாமா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் படுத்துக்கொண்டார். “மெல்ல… மெல்ல… அங்கேயே நிறுத்து.” சாக்பீஸால் ஒரு புள்ளி. மறுபடி “மெல்ல.” இன்னொரு புள்ளி.

செக்டர் பற்கள் நடுவில் தேய்ந்திருந்தன, கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான். ஸ்டியரிங் தண்டின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் புஷ். அதன் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும், எங்களுடையது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தண்டு திரும்பும்போதெல்லாம் பினியன் செக்டரை விட்டு ஒதுங்கிப்போய், அப்புறம்தான் பல்லைப் பிடித்தது. செக்டர் நடுப் பல் தேய்ந்ததற்கே பாதிக் காரணம் அதுதான் என்பேன். அடுத்தது செக்டரில் டிராக் லிங்க் மாட்டும் ஓட்டை, அதுவும் நீள்வட்டம். டை ராட் முனைகளில் ஒன்று கையால் ஆட்டினாலே கடகடவென்றது. பிறகு முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுத்து டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினோம். ஒரு சக்கரத்தின் புஷ்ஷும் போயிருந்தது. வடகடற்கரையின் செம்மணல் எந்த புஷ்ஷுக்குள்ளும் நுழைந்துவிடும்.

சாமான் வராது என்று கடைக்காரர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. புஷ் என்பது ஒரு வளையம். தண்டின் குறுக்களவு, வெளிக் குறுக்களவு, நீளம், இந்த மூன்றும் தெரிந்தால் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து கொடுப்பார்கள். வெர்னியரால் அளக்கும்போது தண்டைத் தேயாத இடத்தில் அளக்காதீர்கள், புஷ் உரசும் இடத்திலேயே இரண்டு திசையிலும் அளங்கள். தண்டும் தேய்ந்திருக்கும். எமரித் தாள் போட்டு மழமழப்பாக்கி, அந்த அளவுக்குத்தான் புஷ் செய்ய வேண்டும். நாங்கள் வெஸ்கோனைட்டில் கடைந்தோம். தென்னாப்பிரிக்காவிலேயே தயாராகிற பிளாஸ்டிக் வகை அது. நைலான் மாதிரித் தண்ணீர் குடித்து ஊதாது. உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் வெண்கலம் போதும். “இரும்பு தண்டுக்கு பிளாஸ்டிக்கா?” என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். ஐயா, தொழிற்சாலையே போட்டது பிளாஸ்டிக்தான்.

டிராக் லிங்க் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து உள்ளே இரும்பு ஸ்லீவ் (சின்னக் குழாய்) அடித்தோம். வெல்டிங் வைத்து அடைத்துத் திரும்பத் துளைப்பவர்களும் உண்டு. செய்யுங்கள், ஆனால் செக்டரைக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கும்போது வண்டியிலேயே வெல்டிங் வைப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. டை ராட் முனை வாங்குவதானால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அமெரிக்க வண்டிகளில் அங்குல மரைதான். எங்களுடையதில் முக்கால்வாசி 3/8 அங்குல ஃபைன் மரை, நட்டுக்கு 9/16 ஸ்பேனர். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினால் நட்டின் முனைகள்தான் மழுங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். வேலை முடிந்து மைதானம் வெட்டி, பொங்கல் விழா நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். மேடையேறினதும் “எவ்வளவு அழகான மைதானம்” என்று தொடங்கினவர், ஐந்தே நிமிஷத்தில் “ஆனால் நீங்கள் தாய்மொழியைத் தொலைத்துவிட்டீர்கள்” என்று வந்து நின்றார். அந்த மைதானத்தை வெட்டினவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய மாமாவுக்குத் தமிழ் பேச்சு சரளமாக வராது, ஆங்கிலத்தில் கலந்துதான் பேசுவார். ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் புரியும். தேவாரம் பாடுவார், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. மதராஸிலிருந்து டுரூரோ கப்பல் டர்பன் வந்தது 1860 நவம்பர் 16-இல். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த சனம். பிறகு நிறவெறி ஆட்சி, குடியிருப்புகளைப் பிடுங்கியது. இத்தனைக்கும் நடுவில் காவடியை விடவில்லை, தீமிதியை விடவில்லை, பிள்ளைக்கு வைக்கும் பெயரை விடவில்லை. இந்த நாட்டின் 1996 அரசியல் சட்டத்தில் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. நம் ஊரில் பிள்ளையைத் தமிழே இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டி அனுப்பிவிட்டு, இங்கே வந்து பாடம் எடுக்கிறார்கள். நான் அன்றைக்கு எழுந்து கேட்டிருப்பேன். மாமாதான் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். “விடு தம்பி, சாப்பாடு ஆறிப்போகும்.” வந்தவர்களை மதிக்கத் தெரியாதவன் என்று என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

சரி, செக்டருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம், அதனால் தேய்வது செக்டரின் நடுப் பற்கள் மட்டும். ஓரப் பற்கள் புதுசு போலவே இருக்கும். சில மாடல்களில் செக்டரின் போல்ட் நீள் துவாரத்தில் இருக்கும், தளர்த்தி செக்டரைப் பினியன் பக்கம் தள்ளலாம். சிலவற்றில் வாஷர் கொடுத்து ஏற்றலாம். அப்படி நடுவில் இறுக்கமாக வைத்துவிட்டு சந்தோஷப்படாதீர்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முழுசாகத் திருப்பிப் பாருங்கள். தேயாத ஓரப் பற்கள் வரும்போது ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். சரிவில் திரும்பும்போது பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் லேசாக ஓடும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, நடுவில் மிஞ்சுகிற ஆட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆட்டமே இல்லாத ரைட்-ஆன் புதுசிலும் கிடையாது.

அந்த மிச்சத்தையும் குறைக்க மாமா ஒரு வேலை செய்தார். பினியனிலும் நேராகப் போகும்போது பிடிக்கிற இரண்டு மூன்று பற்கள்தான் தேய்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் நன்றாக இருக்கும். தண்டைக் கீழே இறக்கி, பினியனை அரைச் சுற்று திருப்பி மறுபடி பல்லில் கோர்த்தார். ஸ்டியரிங் வட்டத்தையும் அதற்கேற்ப அரைச் சுற்று திருப்பி மாட்டிவிட்டார். உங்கள் வண்டியில் வட்டம் அப்படி மாட்ட இடம் கொடுத்தால் காசில்லாத வைத்தியம் இது.

கிரீஸ் விஷயத்தில் அடிதடியே நடக்கும். ஸ்பிண்டிலுக்கும் சக்கர புஷ்ஷுக்கும் தாராளமாகப் போடுங்கள், நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருந்தால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். ஆனால் திறந்து கிடக்கும் செக்டர் பற்களில் கிரீஸை அப்பாதீர்கள். மணல் அதில் ஒட்டினால் சாணைக்கல் வேலை செய்யும். நாங்கள் டீசலால் கழுவித் துடைத்து கிராஃபைட் தெளித்தோம். உங்கள் ஊர் மண் எப்படியோ, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் ஊரில் இதுதான் சரிப்பட்டது.

எல்லாம் மாட்டின பிறகு முன்சக்கரங்களை நேர் பாருங்கள். முதலில் காற்று, முன் டயருக்குப் பெரும்பாலும் 14 பிஎஸ்ஐ போதும், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைத் தாண்ட வேண்டாம். பிறகு இரண்டு டயருக்கும் இடையே அச்சு உயரத்தில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுங்கள். முன்னால் மூன்று மில்லிமீட்டர் போலக் குறைவாக இருக்க வேண்டும். டை ராடைத் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்குங்கள். டை ராட் திருக முடியாத ஒரே கம்பியாக இருந்தால் இந்த வேலை இல்லை.

எப்போது கைவிடலாம் என்றால், முன் ஆக்சிலிலோ ஸ்பிண்டிலின் வெல்டிங்கிலோ விரிசல் தெரிந்தாலும், செக்டர் போல்ட்டைத் தாங்கும் சேஸ் தகடு கிழிந்திருந்தாலும் யோசியுங்கள். அதை நல்ல வெல்டர் பார்த்து முடியாது என்றால் விட்டுவிடலாம். அதுவரை சரிவான நிலத்தில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். சரியான வண்டியையே 15 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, அதுவும் குறுக்கே இல்லாமல் ஏற்ற இறக்கமாகத்தான்.

மறுபடி கடைக்குப் போவதாக இருந்தால் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அடி புஷ்ஷையும் டை ராட் முனையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய், இந்த அளவில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.