உதவித்தொகை வாங்க மூன்று வட்டிக்குக் கடனா?

கேள்வி: குமாரபாளையத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறோம். ஆண்டு வருமானம் 2.80 லட்சம் ரூபாய். பிளஸ் டூவில் 552 மதிப்பெண் எடுத்த எங்கள் மகள், கலந்தாய்வு மூலம் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். உதவித்தொகை வாங்கித் தருவதாக உறுதி சொல்லும் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு 45,000 ரூபாய் கட்டச் சொல்லி என் கொழுந்தனார் வற்புறுத்துகிறார். மூன்று வட்டிக்கு வாங்கி 15,000 கட்டிவிட்டோம். போன வருடம் அவர் சொன்ன பயிற்சி வகுப்புக்காக இதே வட்டிக்கு வாங்கிய 40,000 ரூபாயில் அசல் இன்னும் அடையவில்லை. மீதி 30,000 ரூபாயையும் கட்டலாமா? கையில் மூன்று பவுன் சங்கிலி ஒன்று இருக்கிறது.

பதில்: கட்ட வேண்டாம். அந்த நிறுவனத்தைவிட எனக்குக் கவலை தருவது, கொழுந்தனார் ஒன்றைச் சொன்னதும் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்கும் உங்கள் வழக்கம்தான். ஏற்கெனவே உள்ள 55,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,650; மீதியையும் வாங்கினால் 85,000 ரூபாய்க்கு 2,550, அதாவது ஆண்டுக்கு 30,600 ரூபாய். நாளையே 50,000 ரூபாய் உதவித்தொகை கிடைத்தாலும் அதில் ஐந்தில் மூன்று பங்கு வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும்.

அந்த நிறுவனம் எதைத்தான் உறுதியாகத் தர முடியும்? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) பெண்களுக்கு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்கள் மகளைப் போல முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் அந்த ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடப்பதால், இடையில் நிற்பவர் கூட்டித் தர ஒரு மதிப்பெண்ணும் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் மற்றோர் உதவித்தொகை முதல் மூன்று ஆண்டுகளுக்கு 12,000 ரூபாய் வீதமும் பொறியியலின் நான்காம் ஆண்டுக்கு 20,000 ரூபாயும் தருகிறது. அதற்கு வருமான வரம்பு 4.5 லட்சம். இரண்டையும் சேர்த்துப் பெற இயலாது என்பதால் பிரகதிக்கே முதலிடம் கொடுங்கள். இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மகளே கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம்.

மதிப்பெண் இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் சின்னச் சின்னக் குளறுபடிகளால்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் தொல்லை இனிஷியல்: மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லை என்று இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அவற்றை ஒன்றாக்கிவிடுங்கள். அடுத்து, பணம் ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும் என்பதால், பள்ளி நாளில் திறந்து இப்போது செயலற்றுக் கிடக்கும் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் நேரில் கேளுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள், கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிவதுமில்லை; கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளர் இணையதளத்தில் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். குறை இருப்பதாகத் திரும்பி வந்தால் கெடு முடிவதற்குள் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதால், வாரம் ஒருமுறை மகள் அதன் நிலையைப் பார்க்கட்டும்.

தனியார் அறக்கட்டளைகள் கட்டுரையும் நேர்காணலும் கேட்கும்போதுதான் முயற்சிக்கு உண்மையான பலன் உண்டு. ஆலோசனை நிறுவனங்கள் நூறு பேருக்கும் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றித் தருவது, அதைப் படிப்பவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தறி நின்ற நாளில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள், அவள் ஏன் இந்தப் பிரிவை எடுத்தாள் என்பதை மகள் தன் நடையில் எழுதட்டும். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால், அவளை நன்கு அறிந்த பள்ளி ஆசிரியரை மூன்று வாரம் முன்னதாகவே அணுகுவது நல்லது.

இனி கடன். சங்கிலியை வங்கியில் அடகு வைத்து 55,000 ரூபாயையும் அடைத்துவிடுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் வட்டி ஏறத்தாழ 5,500 ரூபாய்தான். இப்போது கட்டுவது 19,800. மிச்சமாகும் 14,300 ரூபாயை அசலில் கட்டி வந்தால், உதவித்தொகை வராவிட்டாலும் நான்கு ஆண்டுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். நகையை மீட்கும்வரை கல்விக் காப்பீடு, யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த திட்டம்) என்று யார் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டிய 15,000 ரூபாயை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். வராவிட்டால் போகட்டும், அதைக் காப்பாற்ற இன்னொரு 30,000 ரூபாயைப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. கொழுந்தனாரிடம் இதை நீங்கள் சொன்னால் மனத்தாங்கலாகும், உங்கள் கணவரே சொல்லட்டும்.