சரக்கு தீர்ந்த ஓவியர்

கேள்வி: ஆசிரியர் ஐயா, போன மாதம் ஜார்ஜ்டவுனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு மனைவியோடு போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய கடைவீடு ஒன்றின் மாடி ஜன்னல். இருபத்தெட்டுப் படங்களும் அந்த ஒரே ஜன்னல்தான். ஓவியருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா? ‘இதில் ஒன்று வாங்கலாம்’ என்கிறார் மனைவி. உங்கள் கருத்து என்ன?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஃபெர்ரியில் கடல் தாண்டி வந்து படம் பார்த்தவர் மளிகைக் கணக்கோடு வீடு திரும்பியிருக்கிறீர்கள். ‘என்னங்க, ஜன்னல் மட்டும்தானா? மயில் இல்லையா? நெல்வயல்? முருகன் பெரிய சைஸில் எப்ப வரும்?’ நல்லவேளை, ஓவியரிடம் நேரில் கேட்கவில்லை. ‘புது ஸ்டாக் வெள்ளிக்கிழமை’ என்று சொல்லியிருப்பார், பாவம்.

சரக்கு நிறைய உள்ளவர்களை எனக்குத் தெரியும் சார். முன்பு தபாலில் வந்தார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். தைப்பூசத்துக்கு ஒரு கவிதை, அன்னையர் தினத்துக்கு ஒன்று, மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு இரண்டு. நடுவில் தலைவர் யாராவது காலமானால் அரை மணி நேரத்தில் இரங்கற்பா வந்து விழும். உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் பா வந்துவிடும். இவர்களில் ஒருவர் மே மாதம் தாய்மைக்கு அனுப்பிய கவிதையில் ‘தாயே’ இருந்த இடங்களில் எல்லாம் ‘நாடே’ என்று போட்டு ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார். இரண்டும் நேர் நேர், தளை தட்டவில்லை. ‘பத்து மாதம் சுமந்தாய் நாடே’ என்ற வரியில்தான் மாட்டிக்கொண்டார்.

நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானியர் ஆன் கவாரா, 1966 ஜனவரி 4 அன்று ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரே நிறம் பூசிய கான்வாஸில் அன்றைய தேதியை வெள்ளை எழுத்தில் தீட்டுவது, அவ்வளவுதான். வேறு உருவம் கிடையாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இதைச் செய்தார். அவர் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: நள்ளிரவுக்குள் முடியாத படத்தை அழித்துவிடுவார். மலேசியத் தமிழ்க் கவிஞர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் கொண்டுவரலாமா என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். அதிலிருந்து அந்தச் சங்கம் எனக்கு அழைப்பிதழ் அனுப்புவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

சரி, ஜன்னல்.

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே கேட்டவர் பிஸாரோ. பிரெஞ்சு ஓவியர் மோனேவின் தோழர், தாமும் பெரிய ஓவியர். 1891இல் மோனே ஜிவெர்னி வயலில் நின்ற கதிர்ப்போர்களை வரிசையாக வரைந்து, அதில் பதினைந்தைப் பாரிஸில் துரான்-ருயெல் கூடத்தில் வைத்தார். சில நாட்களில் எல்லாம் விற்றுப் போயின. கண்காட்சிக்குச் சற்று முன்பே பிஸாரோவுக்கு எரிச்சல். ஒரே போரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு இந்த மனிதர் எப்படித்தான் இருக்கிறாரோ, வெற்றி பண்ணும் வேலை இது என்று மகனுக்குக் கடிதம் எழுதினார். பட்டர்வொர்த்காரர் எழுதியதுபோலவே இருக்கிறது, சரக்கு என்ற சொல் மட்டும் இல்லை.

பிறகு மோனே ரூவான் நகரத்துத் தேவாலயத்துக்குப் போனார். எதிர்வீட்டு மாடியில் இடம் பிடித்து, ஒரே கல்முகப்பை முப்பதுக்கு மேற்பட்ட கான்வாஸ்களில் வரைந்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கான்வாஸை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். மறுநாள் அதே வெளிச்சம் வந்தால் பழைய கான்வாஸ். ஒருநாள் இரவு தேவாலயமே தன்மேல் இடிந்து விழுவதுபோல் கனவு கண்டதாக, சில மாதங்களில் தன் மனைவியான ஆலிஸுக்கு எழுதியிருக்கிறார். கனவில் அது நீலமாக, ரோஸாக, மஞ்சளாக விழுந்ததாம். சரக்கு தீர்ந்தவருக்கு வரும் கனவா இது?

1895இல் அதில் இருபது படம் காட்சிக்கு வந்தது. பார்த்த பிஸாரோ மகனுக்கு மறுபடியும் எழுதினார். இம்முறை தொனி வேறு. கண்காட்சி முடிவதற்குள் நீ வந்து பார்க்க வேண்டும், இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று தவிக்கிறார். தான் வெகுகாலம் தேடிய ஓர் ஒருமை அதில் இருக்கிறது என்கிறார். ஓவியர் செசானும் அதையே சொன்னாராம். நாலு வருடத்தில் ஆள் மாறவில்லை, நின்று பார்த்திருக்கிறார். நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? குற்றம் முழுவதும் உங்கள்மேல் இல்லை. நம் ஊர்க் கண்காட்சித் திறப்பு விழாவில் படத்தைப் பார்க்க முடிகிறதா? ஒய்.பி. (மாண்புமிகு மக்கள் பிரதிநிதி) வரத் தாமதம், குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம், பிறகு நூறு பேர் படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குழுப்படம். கடைசியில் மீ கோரெங். இருபத்தெட்டு ஜன்னல் இருந்தும் ஒன்றின் வழியாகவும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரர் கதை வேண்டாம் என்பவர்களுக்கு ஐங்குறுநூறு இருக்கிறது. ஐந்து திணை, ஐந்து புலவர், ஆளுக்கு நூறு. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாக. மருதத்தில் ஓரம்போகியார் பாடியதில் எருமைப் பத்து என்று ஒன்று. பத்துப் பாட்டிலும் எருமை. நீங்கள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் ஓரம்போகியாரிடமும் சரக்கைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள்.

முதல் பாட்டில் எருமைக்கடா பொய்கையில் இறங்கி ஆம்பலைக் குலைக்கிறது. இது நீங்களும் நானும் எழுதக்கூடியதுதான். எருமை என்றால் குட்டையைக் கலக்கும். ஐந்தாம் பாட்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நெல்லை மேய்கிறது. ஏழாவதுக்கு வாருங்கள்: தாயின் கொம்பில் வெள்ளைப் பகன்றைப் பூ சுற்றிக் கிடக்கிறது, அதைப் பார்த்துச் சொந்தக் கன்றே மிரளுகிறது! எட்டாவதில் குளிர்ந்த நீரில் கிடக்கும் எருமை, கட்டிப்போட்ட ஓடம்போலத் தெரிகிறது. எருமையைப் பற்றி ஏற்கனவே தெரிந்ததை எல்லாம் எழுதித் தீர்த்த பிறகுதான் கண் திறக்கிறது. நீங்கள் சொல்லும் சரக்கு தீர்ந்த இடம் அதுதான். அது தீராமல் ஓடம் வராது. நெய்தலில் அம்மூவனார் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டுக்கும் முதல் இரண்டு அடி ஒன்றேதான். அதே குருகு, அதன் குஞ்சைக் காணப் போன அதே நாரை. மூன்றாம் அடியில்தான் பாட்டு பிரிகிறது.

கோலாலம்பூர் விமர்சகர் ஒருவர் ஒரு கருத்தரங்கில், ‘ஒரு பொருளை இரண்டாம் முறை தொடுபவன் தோற்றுப்போன கலைஞன்’ என்று முழங்கிவிட்டு இறங்கினார். அந்தக் கட்டுரையை அதற்கு முன் ஈப்போவிலும் கிள்ளானிலும் வாசித்திருந்தார். ஐங்குறுநூற்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. இதைப் படித்தால் தபாலில் அனுப்பட்டும், செலவு என்னுடையது.

திரும்பச் செய்வதெல்லாம் உயர்வு என்று நான் சொல்லவில்லை. லெபோ ஆர்மீனியனில் ஒரு சைக்கிளும் இரண்டு பிள்ளைகளும் சுவரில் இருக்கிறார்கள், எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்தது. அவர் வரைந்தது ஒரு முறை. அதைச் சாவிக்கொத்தில், டீ சட்டையில், ஃபிரிட்ஜ் காந்தத்தில் ஆயிரம் முறை போட்டது பினாங்கு வியாபாரம். அங்கே ஆயிரமாவது பிள்ளை முதல் பிள்ளையைவிட ஒரு மயிரிழைகூட வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் ஓவியரின் இருபதாவது ஜன்னல் மூன்றாவது ஜன்னலோடு சண்டை போடுகிறதா என்று பாருங்கள். போட்டால் அவர் வேலை செய்திருக்கிறார். போடாவிட்டால் காந்தம்தான், அளவு கொஞ்சம் பெரிது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ஃபூஜி மலையை முப்பத்தாறு காட்சி என்று அறிவித்துவிட்டு நாற்பத்தாறு போட்டார். நன்றாக விற்றது, பத்து கூடியது. அதில் வியாபாரமும் உண்டு, யார் மறுத்தது? ஆனால் எழுபது வயதில் அந்த மலை அவருக்கு ஒரு படத்தில் பெரிய அலைக்குக் கீழே சிறு கூம்பாகத் தெரிந்ததே, அதை வியாபாரி சொல்லிக் கொடுக்கவில்லை.

எப்போது விடுவது என்பதும் தெரிய வேண்டும். நெகிரி செம்பிலான்கார ஓவியர் லத்தீஃப் மொஹிடின் 1964இல் பெர்லினில் மாணவராக இருக்கும்போது பாகோ பாகோ வரிசையைத் தொடங்கினார். கோபுரமா, மூங்கில் குருத்தா என்று பிரிக்க முடியாத உருவங்கள். அந்தப் பத்தாண்டு முடிவதோடு விட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். 2018இல் பாரிஸ் பொம்பிடு மையம் அதைக் காட்சிக்கு வைத்தது. அதற்குள் நம்மவர்கள் எத்தனை மயில் போட்டிருப்பார்கள்!

இன்னொரு ஆதங்கம், கேட்காவிட்டாலும் சொல்வேன். மோனே வரைந்துகொண்டிருந்த பாப்ளார் மரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, மரவியாபாரி ஒருவரோடு சேர்ந்து பணம் போட்டார். படம் முடியும்வரை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் தோட்டங்களில் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துச் செம்பனை நட்டபோது எந்த ஓவியர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றார்? பால்மரம் நம் ஓவியர்களிடம் ஒரே ஒரு படமாகத்தான் இருக்கிறது: தலையில் விளக்கு கட்டிய பெண், விடியற்காலை, கையில் வாளி. ஆளுக்கு ஒன்று வரைந்து காலண்டருக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உளி சரிவாக இறங்கிய கோடு, பால் பிடிக்கும் மங்கு தொங்கிய கம்பி, வெட்டிய பட்டை திரும்ப வளர்ந்து மேடும் பள்ளமுமாக முறுகியது, அதன்மேல் மறுபடியும் வெட்டு. அந்த மரம் நிற்கும் இருபத்தைந்து முப்பது வருடமும் அதன் உடம்பில் எழுத்து ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மரத்தின் முன் பத்து வருடம் நின்ற ஓவியர் என் கண்ணில் படவில்லை. ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தையும் தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் பற்றி மேடைக்கு மேடை கண்ணீர் விடுகிறோம், ஒரு பட்டையை ஒழுங்காகப் பார்த்து வைத்தவர் இல்லை. எனவே கடைவீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த ஓவியரை நான் பார்த்ததில்லை என்றாலும் என் ஆள் என்கிறேன். அந்தக் கடைவீடு எத்தனை நாள் இருக்கும், அதே ஜன்னல் எப்போது ஓட்டல் அறை ஜன்னலாகும் என்று லிட்டில் இந்தியாவில் யாராலும் சொல்ல முடியாது.

வாங்குவது பற்றி. மனைவி சொல் கேளுங்கள், ஆனால் ஒன்று வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். பிஸாரோ பயந்தது இதற்குத்தான்: விற்றவுடன் வரிசை கலைந்துவிடும். ஒற்றையாக வீட்டுக்கு வந்தால் அது சோபாவுக்கு மேலே ஒரு ஜன்னல், விருந்தாளி ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டுத் தே தாரிக் குடிப்பார். அடுத்தடுத்து வரைந்த இரண்டை மாட்டினால், ‘ரெண்டும் ஒண்ணுதானே?’ என்று கேட்டு எழுந்து கிட்டே போவார். இரண்டுக்கும் வெள்ளி போதாது என்றால் பேரம் பேசுங்கள், திறப்பு விழாவன்று மட்டும் வேண்டாம், ஒய்.பி. முன்னால் ஓவியரால் விலை குறைக்க முடியாது. தேசியக் கலைக்கூடம் முந்திக்கொண்டு இருபத்தெட்டையும் மொத்தமாக வாங்கினால் உங்கள் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்கத் தயார். அப்படி நடக்காது, தைரியமாகப் போங்கள்.