தங்கையின் நிலாவும் அண்ணனின் மணியும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஆறு மாதம் முன்பு மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கினார்கள். காதில் குரல் கேட்பது குறைந்துவிட்டது. ஆனால் பேச்சில் கோர்வையே இல்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், "மணி அடிச்சாங்க. மணி இரும்பு. இரும்பு மிதக்காது. அதனாலதான் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க" என்கிறான். நான்கு வயது மகளும், "நிலாவுக்கு என்னைப் பிடிக்கும், அதான் பின்னாடியே வருது" என்று உளறுவாள். நன்றாகப் படித்த பிள்ளையின் அறிவு குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப் போகிறதா?

பதில்: இல்லை அம்மா. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகள் சொல்லும் காரணம்தான் தப்பு. கோர்வை சரியாக இருக்கிறது. பிடித்தவர்கள் பின்னால் வருவார்கள், நிலா வருகிறது, ஆகவே அதற்கு என்னைப் பிடிக்கும். சின்னக் குழந்தைகள் உலகத்தை இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் ஜான் பியாஜே விரிவாகவே எழுதியிருக்கிறார். ஏழு வயதையொட்டி இது தானாக மறையத் தொடங்கும்.

மகன் விஷயம் நேர்மாறு. மணி அடித்தது நிஜம். இரும்பு மிதக்காது என்பதும் சரி. அறிவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல் அடுத்த சொல்லை இழுக்க, அது இன்னொன்றை இழுக்க, நீங்கள் கேட்ட கேள்வி நடுவழியில் நழுவிவிடுகிறது. 'அதனாலதான்' என்று வருகிறது, எதையும் எதோடும் சேர்க்கவில்லை. கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே பதிலைக் கோப்பதற்கு ஒரு நினைவுத்திறன் வேண்டும். இந்த நோயில் அதுவும் கவனமும் பலமாக அடிபடும்.

மதிப்பெண் சரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நோய் தொடங்கும் காலத்தையொட்டி அறிவுத்திறன் அளவெண் (ஐ.க்யூ.) இறங்குவது உண்மை. ஆனால் அந்த எண் சக வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடுவது. அவர்கள் ஓடும்போது உங்கள் பிள்ளை மெதுவாக நடந்தாலே எண் குறைந்துவிடும். கற்றது அழிந்துபோக வேண்டியதில்லை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் இத்தகைய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், முதல் சரிவுக்குப் பிறகு இந்த அளவு பெரும்பாலும் நிலையாக நின்றது.

வளர்ப்பில் தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், உங்கள் வளர்ப்பில் தப்பு இல்லை. அப்புறம், 13 வயதுக்கு முன் இந்த நோய் மிக அரிது. அதனால் வலிப்பு, மூளை அழற்சி போன்றவை இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்தார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் "என்ன நடந்தது?" என்று அகலமாகக் கேட்காதீர்கள். "இன்னைக்கு உன் பக்கத்துல யார் உட்கார்ந்தா?" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். தடம் மாறினால் "ஒழுங்காப் பேசு" என்று அதட்டாமல், "நான் மணியிலேயே நின்னுட்டேன், அப்புறம் என்ன ஆச்சு?" என்று உங்கள் பக்கமிருந்து திரும்ப அழைத்து வாருங்கள். வீட்டுப்பாடத்தை ஒவ்வொரு படியாகத் தாளில் எழுதிக் கொடுங்கள். அவன் மனம் தூக்க வேண்டிய சுமையைத் தாள் கொஞ்சம் தூக்கும். மாத்திரையால் தூங்கி வழிகிறானா என்றும் பாருங்கள். வழிந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது அவனுடைய கடைசி வாக்கியம்தான். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் இன்னும் மிச்சமிருக்கலாம்; குரல் அடங்கிய பிறகும் அது தங்குவதுண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் "உளறுகிறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு எழுதிய அந்த நான்கு வாக்கியங்களையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.