கே. பாலசந்தரின் டிவி தொடர்களை ரசிகர்கள் ஏன் அவர் படங்களுக்கு இணையாகப் பேசுகிறார்கள்?

சினிமாவில் விட்ட கதையை அவர் சின்னத்திரையில் தொடர்ந்து சொன்னார். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய காரணம்.

1985-ல் வந்த 'சிந்து பைரவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களுக்குப் புரிகிற தமிழில் ஏன் பாடக்கூடாது என்று கர்நாடக இசைப் பாடகரான ஜே.கே.பி.யைக் கச்சேரியிலேயே கேட்கிறாள் ரசிகை சிந்து. நீயே பாடு என்கிறார். நாட்டுப்புறப் பாட்டில் தொடங்கி, அப்படியே 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். காம்போதி ராகத்தில் பாடிப் பழகிய கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்திருப்பார். சித்ராவின் குரல் கீர்த்தனைக்குள் நுழையும் அந்த இடம் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

கடைசியில் சிந்து, ஜே.கே.பி.க்குப் பிறந்த தன் குழந்தையை அவர் மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். சரி, அந்தக் குழந்தை என்ன ஆனது? ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து ஜெயா டிவியில் 'சஹானா' தொடர் அதைத்தான் சொன்னது. சிவகுமார் செய்த ஜே.கே.பி.யாக ஒய்.ஜி. மகேந்திரன் வந்தார். பைரவி மட்டும் அதே சுலக்ஷணா.

அதற்கு முன்பே தூர்தர்ஷனில் 'ரயில் சினேகம்' எடுத்திருந்தார். அவருடைய பெண் பாத்திரங்களுக்கு இரண்டரை மணி நேரம் போதாது. வாரக்கணக்கில் விரியும் தொடர் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தியது.